கோணல் கிண்ணத்துக்கு ஏன் இத்தனை மரியாதை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கப்பலில் வேலை பார்த்த உங்கள் மாமா முப்பது வருடத்துக்கு முன்பு கோபே துறைமுகத்தில் ஒரு பழைய தேநீர்க் கிண்ணம் வாங்கி வந்தார். வாய் சரியான வட்டமாக இல்லை. உடம்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். விளிம்பிலிருந்து ஒரு தங்க நிறக் கோடு கீழே இறங்குகிறது. "விரிசல் விட்ட பாத்திரம் வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா அதைப் பரணில் ஏற்றிவிட்டார். ஜப்பானியர்களுக்குக் குறைதான் அழகு என்கிறார்களே, அது நிஜமா, உடைந்த சரக்கை விற்கக் கண்டுபிடித்த பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒசாகாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கியோட்டோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை கூடும். அங்கே மண்பாண்டக் கடைகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தே பாதி ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: குறை இருந்தாலே அழகு என்று அங்கே ஒரு வியாபாரியும் சொல்லமாட்டார். எந்தக் குறை என்றுதான் கேட்பார். சூளைக்குள்ளேயே வந்த குறைக்கு 'காமாகிசு' என்று பெயர். விளிம்பில் பொட்டு உதிர்ந்திருந்தால் 'ஹோட்சுரே'. மயிரிழை விரிசல் 'நியூ'. விலைச்சீட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள். காமாகிசுவை மன்னிப்பார்கள், சிலசமயம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். நியூ என்றால் பெரும்பாலும் பேசாமல் விலையைக் குறைப்பார்கள்.

கொண்டாடும் இடத்தில் அவர்கள் பயன்படுத்தும் சொல் 'கெஷிகி'. நிலக்காட்சி என்று பொருள். கிண்ணத்தின் மேல் சாம்பல் வழிந்த தடத்தையும், தீ நக்கிய சிவப்பையும், பூச்சு ஓடாமல் விட்டுப்போன இடத்தையும் மலையும் மழையும் பார்ப்பதுபோலப் பார்ப்பது. எளிமையிலும் பழமையிலும் குறையிலும் அழகைக் காண்பதற்கு 'வாபி-சாபி' என்ற சொல்லை இன்று உலகமே உச்சரிக்கிறது. சந்தையில் ஒருவர் வாயிலிருந்தும் அதை நான் கேட்டதாக நினைவில்லை. கெஷிகி என்ற சொல்லைத்தான் நாள் முழுக்கக் கேட்கலாம்.

இந்தக் காட்சிகள் எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒகயாமா பக்கம் பிசென் என்று ஒரு மரபு. பூச்சே கிடையாது, வெறும் மண். பைன் விறகு போட்டு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை விடாமல் எரிப்பார்கள். வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டும். பறக்கும் சாம்பல் பாண்டத்தின் தோளில் படிந்து, மண்ணில் உள்ள மணல்சத்தோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். பொட்டுப் பொட்டாக இருந்தால் அதற்கு 'கோமா', அதாவது எள், என்று பெயர். பாண்டங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் வைக்கோல் சுற்றுவார்கள். வைக்கோலில் உள்ள காரமும் மண்ணில் உள்ள இரும்பும் சேர்ந்து, வைக்கோல் தொட்ட இடமெல்லாம் செக்கச்செவேல் என்று கோடு விழுந்துவிடும். 'ஹிதாசுகி' என்கிறார்கள், தீக்கயிறு. அடுக்குவதற்கு வைத்த வைக்கோல்தான் அது. யாரும் அலங்காரம் நினைத்துச் சுற்றவில்லை. பிறகுதான் அலங்காரமாயிற்று.

ஷிகராகி இன்னும் முரடு. பீவா ஏரியின் பழைய படுகையிலிருந்து வந்த மண், அதில் பொடிக்கல் நிறைய. சுடும்போது கல் மேல்தோலைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கும். அதற்கு 'இஷிஹாசே', கல்வெடிப்பு. விதைநெல் போட்டு வைக்கக் குடியானவர்கள் வாங்கிய ஜாடிகள் அவை. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சாமான். 15, 16ஆம் நூற்றாண்டுகளில், தேநீர் பரிமாறுவதையே ஒரு கலையாகச் செய்த தேநீர்க்காரர்கள் அவற்றில் சிலவற்றைத் தூக்கிவந்து தண்ணீர் ஜாடியாகவும் பூக்குடுவையாகவும் வைத்தார்கள். அதுவரை சீனத்திலிருந்து வந்த வழுவழுப்பான சாமான்கள்தான் மதிப்பானவை.

இந்த மாற்றத்துக்கு முன்னோடி என்று தேநீர் ஆசான் முராதா ஜுகோவைச் (1423–1502) சொல்வார்கள். எனக்கு அவர் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. சீடர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், கற்றுக்குட்டிகள் பிசெனையும் ஷிகராகியையும் வாங்கி வைத்துக்கொண்டு முதிர்ந்த ரசிகர்போல நடிப்பதைக் கண்டிக்கிறார். ரசனை பிறந்த அன்றே அதன் போலியும் பிறந்துவிட்டது, ஜுகோ அதைப் பார்த்தும்விட்டார். இன்று தொழிற்சாலையில் வேண்டுமென்றே கோணலாக வார்த்த கப்பை 'வாபி-சாபி' என்று விற்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன்.

ஒரு கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கியோட்டோவில் தைதோகுஜி என்ற ஜென் மடம். அதன் கிளை மடமான கோஹோஆனில் 'கிசாயெமோன் இடோ' என்ற தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் தேநீர்க் கிண்ணங்கள் எட்டே எட்டு. அவற்றில் ஒன்று இது. ஆனால் ஜப்பானில் செய்தது இல்லை, 16ஆம் நூற்றாண்டுக் கொரியாவில் செய்தது. குறுக்களவு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். பழுத்துக் காய்ந்த லோக்காட் பழத்தின் நிறம். பக்கவாட்டில் குயவரின் விரல் சுற்றிய வரைகள் அப்படியே தெரிகின்றன, தேய்த்து மறைக்க அவர் மெனக்கெடவில்லை. பூச்சு முழுக்க வலைக்கீறல். கிண்ணத்தைக் கவிழ்த்தால்தான் விஷயம். அடிவட்டத்தைச் சுற்றிக் கத்தியால் வழித்த இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காமல் சுருண்டு, முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. நம்மூர்ச் சூளைக்காரர் பார்த்தால் 'வேகல சாமி' என்று ஓரமாக வைத்துவிடுவார். அங்கே அதற்குக் 'கைராகி' என்று பெயர், வாள்பிடியில் சுற்றும் திருக்கை மீன் தோலின் பெயர். இடோ என்ற இந்த வகைக் கொரியக் கிண்ணத்தில் நல்லதற்கு அடையாளமே அதுதான் என்கிறார்கள்.

கிசாயெமோன் என்பது அதை வைத்திருந்த ஒசாகா வியாபாரியின் பெயர். எல்லாவற்றையும் இழந்து தெருவுக்கு வந்த பிறகும் இதை மட்டும் விற்கவில்லை என்பது கதை. பிறகு மட்சுஎ பிரபு மட்சுதைரா ஃபுமாய் 550 ரியோ, அதாவது அந்தக் காலப் பொன் நாணயம், கொடுத்து வாங்கினார். வைத்திருப்பவருக்குக் கொப்புளம் வரும் என்று அந்தக் கிண்ணத்துக்கு ஒரு பேர் உண்டு. அவருக்கும் வந்தது. மனைவி கெஞ்சியும் விடவில்லை. 1818இல் அவர் காலமான பின்பு மகனுக்கும் வரவே, மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் அம்மாவின் 'வீட்டுக்கு ஆகாது' என்ற வாதத்துக்கு ஜப்பானிலேயே ஆதரவு இருக்கிறது, பாருங்கள்.

1931இல் யனாகி சோஎட்சு அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜப்பானில் நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தைத் தொடங்கியவர், பின்னாளில் டோக்கியோவில் அதற்கென்றே அருங்காட்சியகம் வைத்தவர். பெட்டிக்குள் பெட்டி, துணிக்குள் துணி என்று பிரித்துப் பார்த்தபோது அவரைத் தாக்கியது அதன் சாதாரணத்தன்மை. ஏழைக் கொரியன் சோறு தின்ற கிண்ணம், செய்தவனுக்கு அழகு பற்றிய நினைப்பே இல்லை, அதனால்தான் அழகு என்பது அவர் கட்சி. சோற்றுக் கிண்ணமில்லை, சடங்குப் பாத்திரமாக இருக்கலாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு யனாகியோடு வேறொரு சண்டை. செய்தவன் நினைக்கவில்லை, சரி. ஆனால் ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் இருந்த கிண்ணங்களில் இதைத் தூக்கியவன் ஒருவன் இருக்கிறானே? அவன் கண் இல்லாவிட்டால் இது என்றோ ஓடாகியிருக்கும்.

யனாகிக்கு ராகு கிண்ணங்கள் பிடிக்காது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக சோஜிரோ என்பவர் செய்ய ஆரம்பித்தவை அவை. சக்கரம் இல்லை, கையாலேயே பிடித்து எழுப்பியது. கறுப்பு ராகுவைச் சூளை தகதகவென்று இருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுப்பார்கள். இடுக்கி கவ்விய வடு பூச்சில் நின்றுவிடும், அதுவும் கெஷிகியில் சேர்த்தி. யனாகிக்கு இது செயற்கை, 'எளிமையாக இருக்கிறேன் பார்' என்று காட்டிக்கொள்ளும் எளிமை. சோஜிரோ விஷயத்தில் அவர் சொன்னது அநியாயம் என்பேன். சோஜிரோவின் கிண்ணங்களில் கோணல் ரொம்பக் கொஞ்சம், அமைதிதான் அதிகம். குளிர்காலத்தில் இரண்டு கையாலும் பிடித்தால் சூடு மெதுவாக உள்ளங்கைக்கு வரும், சுடாது. அதற்காகத்தான் அந்தத் தடித்த சுவர்.

கோணலைக் கூத்தாகவே ஆக்கியவர் ரிக்யூவின் சீடர் ஃபுருதா ஓரிபே. 1599இல் அவர் வைத்த தேநீர் விருந்துக்குப் போன ஹகாதா வியாபாரி கமியா சோதான், கிண்ணம் கோணிக்கொண்டு வேடிக்கையாக இருந்தது என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு காரியமும் ஓரிபே பெயரில் இருக்கிறது. ஒரு கொரிய இடோ கிண்ணம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதென்று குறுக்கும் நெடுக்குமாக நான்காக அறுத்து, ஓரத்தைக் குறைத்து, மறுபடி மரப்பாலால் ஒட்டிச் சிறிதாக்கினாராம். சிலுவைபோல் ஒட்டுக்கோடு ஓடும் அந்தக் கிண்ணம் இன்று டோக்கியோ மிட்சுய் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முழுசாக இருந்ததை அறுக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆனால் அதே ஓரிபேதான், அடியில் பிளந்து, பானை வயிறு சரிந்து, பெரிய விரிசலோடு இகா சூளையிலிருந்து வந்த ஒரு தண்ணீர் ஜாடியைப் பார்த்து, இனி இதுபோல் ஒன்று கிடைக்காது என்று நண்பருக்கு எழுதினார். 'யாபுரேபுகுரோ', கிழிந்த பை, என்று பெயர் பெற்ற அந்த ஜாடி டோக்கியோ கோதோ அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. கடிதம் 1923 நிலநடுக்கத்தில் அழிந்துவிட்டது.

இனி அந்தத் தங்கக் கோட்டுக்கு வருவோம். 'கின்சுகி' என்றால் தங்கத்தை உருக்கி ஊற்றி ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். தங்கம் மேல்தோல் மட்டும்தான். ஒட்டுவது உருஷி என்ற மரத்தின் பால். நம் அரக்கு பூச்சி தருவது, இது மரம் தருவது. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதன் குடும்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கை பொத்துப்போவது எதனாலோ, கிட்டத்தட்ட அதே சங்கதியால்தான் உருஷி வேலைக்காரருக்கும் முதல் வருடம் உடம்பு முழுக்கத் தடித்துப் போகும். உருஷிப் பாலில் கோதுமை மாவைக் குழைத்துத் துண்டுகளை ஒட்டுவார்கள். இது வெயிலில் காயாது. ஈரம் இருந்தால்தான் இறுகும், ஆகையால் ஈரப்பதமான பெட்டிக்குள் ஒன்று இரண்டு வாரம். பிறகு கல்பொடி கலந்த உருஷியால் பள்ளத்தை நிரப்புவது, கரியால் தேய்ப்பது, மறுபடி பூசுவது, மறுபடி தேய்ப்பது. கடைசியில் மெல்லிய செந்நிற உருஷி பூசி, அது முழுதாகக் காய்வதற்குள் பட்டுப் பஞ்சால் தங்கப்பொடியைத் தூவி, இறுகியதும் மீன்பல்லாலோ அகேட் கல்லாலோ தேய்த்து மினுக்குவார்கள். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மூன்று மாதம் சாதாரணம்.

இதன் பிறப்பைப் பற்றி எல்லா இடத்திலும் ஒரே கதை சுற்றுகிறது. ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகன் அஷிகாகா யோஷிமாசா உடைந்த கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்ப, அவர்கள் அசிங்கமாக இரும்புக் கொக்கி போட்டுத் திருப்பி அனுப்ப, ஜப்பானியக் கைவினைஞர்கள் கோபப்பட்டுத் தங்கத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று. அந்தக் கிண்ணம் நிஜமாகவே டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனாவின் தென் சொங் அரச காலத்துச் செலடான், அதாவது இளம்பச்சைப் பூச்சுப் பாண்டம். கொக்கிகளும் அப்படியே இருக்கின்றன, ஒருவரும் பிடுங்கவில்லை. இதற்கு ஈடாக இன்னொன்று செய்ய இப்போது எங்களிடம் ஆளில்லை என்று சீனர்கள் கொக்கி போட்டு அனுப்பியதாகத்தான் பழைய குறிப்பு சொல்கிறது. வெட்டுக்கிளிபோல் தெரியும் கொக்கிகளாலேயே அதற்கு 'பகோஹான்' என்று பெயர் வந்தது. அசிங்கம் என்று நினைத்திருந்தால் அந்தப் பெயரையா வைப்பார்கள்?

ஒட்டுப்போட்ட சாமானைப் பற்றி எனக்குப் பிடித்த கதை வேறு. 1701ஆம் ஆண்டுத் தேநீர்க் கதைத் தொகுப்பு ஒன்றில் வருகிறது. சகாய் நகரத்துக்காரர் ஒருவரிடம் 'உன்சான்' என்ற பெயருள்ள தேயிலைத்தூள் குடுவை இருந்தது. ரிக்யூவை அழைத்துக் காட்டினார். ரிக்யூ வாயே திறக்கவில்லை. அவர் போனதும் அவமானம் தாங்காமல் அடுப்பு முக்காலியில் ஓங்கி அடித்து உடைத்துவிட்டார். நண்பர்கள் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். ரிக்யூ மறுபடி வந்து பார்த்தார். 'இப்போது பிரமாதம்' என்றார். பின்னாளில் பெரும்பொன் கொடுத்து வாங்கிய ஒரு பிரபு, ஒட்டு ஏறுக்குமாறாக இருக்கிறதே, பிரித்துச் சரியாக ஒட்டட்டுமா என்று பிற்காலத் தேநீர் ஆசான் கொபோரி என்ஷுவிடம் கேட்டார். அந்த ஏறுக்குமாறுதானே ரிக்யூவுக்குப் பிடித்தது, அப்படியே விடுங்கள் என்றார் என்ஷு. கதையில் தங்கம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தங்கம் தன் வேலையைச் சரியாகச் செய்த இடம் என்று கேட்டால் கலைஞர் ஹோன்அமி கோஎட்சுவின் (1558–1637) 'செப்போ' கிண்ணத்தைச் சொல்வேன். சிவப்பு ராகு, மேலே வெள்ளைப் பூச்சு பனிபோல் படிந்திருக்கும். சூளையிலேயே விளிம்பிலிருந்து பிளந்துவிட்டது. கோஎட்சு அதைத் தூக்கிப் போடவில்லை. பிளவைத் தங்கத்தால் நிரப்பி, 'பனிச்சிகரம்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டபின் பார்த்தால் அந்தத் தங்கக் கோடுகள் மலையிலிருந்து உருகி இறங்கும் தண்ணீராகத்தான் தெரியும்.

இதையெல்லாம் வைத்து ஜப்பானே குறையை நேசிக்கும் நாடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஷோகனுக்கும் பிரபுக்களுக்கும் காணிக்கை தர நபேஷிமா குலத்தார் நடத்திய சூளைகளில், சிறு பிசிறு இருந்தாலும் அடித்து உடைத்துப் புதைத்தார்கள், வெளியே ஒன்றும் போகக்கூடாது என்று. அரிதா ஊரின் வெள்ளைப் பீங்கானில் கோணலுக்கு இன்றும் மன்னிப்பு கிடையாது. தேநீர் உலகம் என்ற ஒரு சின்ன வட்டத்தின் கண் இது. ஆனால் பிடிவாதமான கண். 400 வருடத்துக்கு முன்பு கழிவென்று சூளைக் குப்பைமேட்டில் எறிந்த கரட்சு ஊர்க் கிண்ணங்களைத் தோண்டியெடுத்து, ஒட்டி, இன்று அதில் தேநீர் குடிக்கிறார்கள்.

உங்கள் கிண்ணம். வலைக்கீறல் விரிசல் அல்ல, அம்மாவிடம் சொல்லுங்கள். சூளையிலிருந்து வந்து ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இப்படி வெடிக்கும், 'கன்னியூ' என்பார்கள். புதுக் கிண்ணம் சூளையிலிருந்து வந்து பல நாள்வரை 'டிங் டிங்' என்று தானாகச் சத்தம் போடும். ஹாகி ஊர்க் கிண்ணமாக இருந்தால் தேநீர் அந்தக் கீறல் வழியே ஊறி வருடக்கணக்கில் நிறம் மாறும், 'ஹாகியின் ஏழு மாற்றம்' என்று வழக்கே இருக்கிறது. அதனால் கறை போக வேண்டுமென்று பிளீச்சிங் பவுடர் எதையும் போட்டுவிடாதீர்கள். பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள்.

தங்கக் கோட்டை நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள், சுரண்டவேண்டாம். உருஷி வேலையென்றால் மெல்லிய வரப்புபோல் எழும்பியிருக்கும். நிறத்தையும் பாருங்கள். முப்பது வருடம் நம்மூர்ப் பரணில் கிடந்து மங்காமல் இருந்தால் நல்ல அறிகுறி. கறுத்தோ பச்சையோடியோ இருந்தால் பித்தளைப் பொடியும் செயற்கைப் பசையும். நானே ஒருமுறை ஒரு கடையில் ஷோகன்கள் ஆண்ட 'எடோ காலத்து ஒட்டு' என்று நம்பி அரைமாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். வெந்நீர் ஊற்றியதும் எபாக்சி வாசனை குப்பென்று வந்தது. தோஜி சந்தையில் எனக்குப் பழக்கமான கிழவர் அதை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் நேராகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். "கிண்ணம் நல்ல கிண்ணம், ஒட்டினவன்தான் கெட்டவன்" என்றார். ஆறுதலா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

நீங்களும் கவிழ்த்துப் பாருங்கள். அடிவட்டத்தில் பூச்சில்லாத மண் தெரியும். அதன் நிறம், கத்தி வழித்த தடம், ஓரத்தில் ஏதாவது முத்திரை, இவற்றை வைத்து எந்த ஊர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் வாங்கியதென்றால் சுற்றுலாச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதற்கும் தயாராக இருங்கள். ஆனால் ஒன்று. நல்ல கிண்ணம் ஜப்பானில் வெறுங்கையோடு கைமாறாது, நாடாவால் கட்டிய மரப்பெட்டியோடு வரும், மூடியில் செய்தவரின் எழுத்து இருக்கும். மாமா அப்படி ஒரு பெட்டி கொண்டுவந்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஊசிநூல் போட்டு வைக்க எடுத்துக்கொண்டிருப்பார்.